கண்ணுக்குத் தெரியாத கோடிப் பேர்

அத்தியாயம் 6

ஃப்ரிட்ஜில் மூடி மட்டும் இருந்தது.

நீல நிற பிளாஸ்டிக் மூடி. முட்டை வைப்பதற்கென்று பள்ளம் பள்ளமாகச் செய்த தட்டில், முட்டையே நுழையாத அந்த வீட்டு ஃப்ரிட்ஜில், ஒரு முட்டையைப் போலப் பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

துப்பறிவாளர் அபிதகுசாம்பாள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். காப்பீட்டுக் கம்பெனியில் பன்னிரண்டு வருடம் பொய்ச் சாவுகளைக் கண்டுபிடித்தவள். செத்ததாகச் சொல்லப்பட்டவர்களில் ஒன்பது பேரை டீக்கடைகளில் வைத்துப் பிடித்தவள். இப்போது ஆரணிக் கோட்டைக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் சொந்தத் துப்பறியும் நிலையம். தோள்பையில் எப்போதும் ஒரு தடித்த மொழிபெயர்ப்பு நாவல் இருக்கும். பெரும்பாலும் பனி பெய்யும் ஊரில் நடக்கிற கதையாக இருக்கும்.

"அக்கா, மூடியப் பாத்துகினே இருந்தா பாட்டில் வந்துடாது" என்றான் அன்பரசு. உதவியாளன். ஸ்கூட்டர் ஓட்டுவது, போட்டோ எடுப்பது, கேட்காத கருத்தைச் சொல்வது மூன்றும் அவன் வேலை. மூன்றாவதற்குச் சம்பளம் கிடையாது.

"மூடிய உட்டுட்டு பாட்டில மட்டும் எடுத்துகினு போயிருக்காங்க. உள்ள இருக்கறது தண்ணி மாதிரிப் பொருள். மூடி இல்லாம எப்படிக் கொண்டு போவாங்க?"

"அவசரத்துல மறந்திருப்பான்."

"அவசரத்துல இருக்கறவன் மூடிய முட்டைத் தட்டுல வச்சி, கதவ ஒழுங்கா சாத்திட்டா போவான்?"

அன்பரசு யோசித்தான். யோசனை வராததால் தாகம் வந்தது. "தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று சமையலறைக்குப் போனான்.

சௌம்யா சுவரோரம் நின்றிருந்தாள். அந்த வீட்டுப் பெண், வெளியூர் லேபில் ஆராய்ச்சி மாணவி, பாட்டிலோடு நேற்றுதான் வந்தவள். இருபத்தெட்டு வயது. காலையிலிருந்து அழுது முடித்து, இப்போது அடுத்த அழுகைக்கு இடைவேளை விட்டிருந்தாள்.

"சௌம்யா, இன்னொரு தடவ முதல்லேர்ந்து சொல்லும்மா. பாட்டில்ல இருந்தது இன்னா?"

"பாக்கறதுக்குத் தண்ணிதாங்க. ஆனா அதுக்குள்ள கோடிக்கணக்குல நானோ துகள் இருக்கு. கண்ணுக்குத் தெரியாது. அதுங்க வெளிச்சம் விடும். அந்த வெளிச்சமும் கண்ணுக்குத் தெரியாது. சிவப்புக்கும் அந்தாண்ட இருக்கற அகச்சிவப்பு வெளிச்சம். இந்தக் கேமராவுல மட்டுந்தான் தெரியும்." கையிலிருந்த கேமராவைக் காட்டினாள். அதன் ஒயர் ஒரு டேப்லெட் திரையில் செருகியிருந்தது. பக்கத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு விளக்கு.

உதட்டைத் துடைத்துக்கொண்டே அன்பரசு திரும்பி வந்தான். "கண்ணுக்குத் தெரியாத பொருளு. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். இப்போ பாட்டிலும் கண்ணுக்குத் தெரியல. அக்கா, கேஸு முடிஞ்சிடுச்சு. எல்லாம் சரியாத்தான் வேல செய்யுது."

சௌம்யாவின் இடைவேளை முடிந்துவிடும் போலிருந்தது. அபிதா அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் வாயை மூடினான்.

"அந்தத் துகள வச்சி இன்னா செய்வீங்க?"

"சிறுநீரகம் கெட ஆரம்பிக்கறப்போ ஒரு புரதம் மூத்திரத்துல துளியூண்டு வருங்க. அந்தப் புரதம் பட்டா துகளோட வெளிச்சம் அணைஞ்சிடும். அணைஞ்சா உடனே டாக்டர் கிட்ட போவணும்னு அர்த்தம். எங்கப்பாவுக்கு விஷயம் தெரிஞ்சப்போ ரெண்டு கிட்னியும் போயிருந்துச்சு." சுவரில் மாலையோடு இருந்த படத்தை அவள் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்கத் தலையைத் திருப்பிக்கொண்டாள். "சாதாரணமா இந்த மாதிரித் துகளத் தண்ணில போட்டா மங்கிடும். தண்ணியே அந்த வெளிச்சத்தக் குடிச்சிடும். மூணு வருஷம் இதோட போராடிட்டு, கடைசில ஒவ்வொரு துகளுக்கும் பட்டுப் பசையில ஒரு சட்டை மாட்டி உட்டேன். அப்புறம்தான் மங்காம நின்னுச்சு."

"பட்டுப் பசை ஏது?"

"டேவிட்ராஜ் அண்ணன் சாயப்பட்டறையிலேர்ந்து. கச்சாப் பட்டுல இயற்கையாவே ஒரு பசை இருக்கும். ஊற வச்சா தண்ணில கரையும். அவரோட ரெண்டாம் நம்பர் தொட்டித் தண்ணியிலேர்ந்துதான் எடுத்தேன். பாட்டில் மேலயே எழுதியிருந்தேன், 'டேவிட்ராஜ் பட்டறை, தொட்டி 2'ன்னு. தமிழ்ல எழுதினாத்தான் லேப்ல வடக்கத்திப் பசங்க என் பாட்டில எடுக்க மாட்டாங்க."

"எடுத்தது தமிழ் தெரிஞ்சவங்கன்னு ஆச்சு" என்றாள் அபிதா.

நாளை காலை பத்து மணிக்கு வேலூரில் ஐந்து பேர் கொண்ட குழு முன்னால் அந்தத் துகள்கள் ஒளிர வேண்டும். ஒளிர்ந்தால் இன்னும் இரண்டு வருட ஆராய்ச்சிக்கு அனுமதி. இல்லையென்றால் மூன்று வருடமும் கழுவிக் கவிழ்த்த பாத்திரம். இன்னொரு பாட்டில் தயாரிக்க இருபது நாள் ஆகும்.

"பாட்டிலத் தூக்கிகினு ஏம்மா அலையணும்? ஒரு காயிதத்துல தடவி எடுத்தார வேண்டியதுதானே?" என்றான் அன்பரசு.

"தடவாமலா இருப்பேன்? காகிதம், துணி, நூல் எல்லாத்துலயும் பாத்தாச்சு. திட்டுத்திட்டா கட்டி தட்டிக்குது. இயந்திரத்துல வச்சிக் கலக்கி, வேகமா ஊத்தி, எல்லாம் செஞ்சி பாத்துட்டேன். கட்டி தட்டினா வேல செய்யாது."

"சந்தேகம் யார் மேல?" என்று அபிதா கேட்டாள்.

"சத்யப்ரியா. என்கூட லேப்ல இருக்கா. நேத்து வந்து சாப்ட்டுட்டுப் போனா. அவளும் நாளைக்கு அதே குழு முன்னாடி வர்றா. ஆனா நேத்து சாயந்தரமே பஸ் ஏறிட்டா. இன்னைக்குக் காலைல எட்டு மணிக்கு பாட்டில நான் பாத்தேன். ஐஸ் பெட்டி வாங்க வெளியில போயிட்டு பத்து மணிக்கு வந்தேன். காணோம்."

"சத்யப்ரியா எடுத்திருந்தா மூடியோட எடுத்திருப்பா. ஆராய்ச்சி படிச்ச பொண்ணு, திறந்த பாட்டில எடுத்துகினு போவாளா? வேற யாரு?"

சௌம்யா தயங்கினாள். "டேவிட்ராஜ் அண்ணன் கொஞ்சம் கோவமா இருக்காரு. 'என் தொட்டித் தண்ணிய வச்சித்தான் நீ டாக்டர் பட்டம் வாங்கற, உன் கட்டுரையில என் போட்டோவ ஒண்டியாவது போடு'ன்னாரு. அந்த மாதிரிக் கட்டுரையில போட்டோ போட மாட்டாங்க."

கூடத்துத் தரையில் சௌம்யாவின் அம்மா கனகவதி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஐம்பத்தைந்து வயது. ஒவ்வொரு இணுக்காக எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பி, பூச்சி இல்லை என்று நிச்சயமான பிறகே தட்டில் போட்டாள். ஒரு இலையில் ஏதோ ஊர்ந்தது. எழுந்து போய், அந்த இலையை ஜன்னலுக்கு வெளியே செடியின் மேல் வைத்துவிட்டு வந்தாள்.

"அம்மா, காலைல எட்டுலேர்ந்து பத்துக்குள்ள யாராச்சும் வீட்டுக்குள்ள வந்தாங்களா?"

"யாரும் வரலம்மா."

"பால்காரர்? கேஸ்காரர்? மீட்டர் பாக்கறவங்க?"

"யாருமே உள்ள வரல."

அது பொய் சொல்கிற குரல் இல்லை. பொய்ச் சாவுக்காரர்களிடம் பன்னிரண்டு வருடம் பழகியதில் அபிதாவின் காது அதைச் சொன்னது. அவள் சமையலறையை ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். குழாயின் வாயைச் சுற்றி ஒரு நூல் முடிச்சு மட்டும் இருந்தது. சமண வீடுகளில் தண்ணீர் வடிகட்ட எப்போதும் கட்டியிருக்கும் வெள்ளைத் துணி அதில் இல்லை.

"சௌம்யா, கேமராவப் போடு. மூடி இல்லாமப் போன பாட்டில் சும்மா போயிருக்காது. சிந்தியிருக்கும்."

ஜன்னல்களைச் சாத்தினார்கள். "காய்ஞ்ச துளி சோதனைக்கு ஆகாது, வெளிச்சம் மட்டும் விடும்" என்று சௌம்யா சிறிய விளக்கைப் பொருத்தினாள். அறையில் எந்த வெளிச்சமும் வரவில்லை. ஆனால் திரையில் ஃப்ரிட்ஜின் அடியில் ஒரு வெள்ளைப் பொட்டு. இரண்டடி தள்ளி இன்னொன்று. அப்புறம் வாசற்படியில் ஒன்று.

"வெளிய போயிருக்கு!" சௌம்யாவின் குரல் உடைந்தது. உடனே முகமும் தொங்கிவிட்டது. "ஆனா வெளியில வெயிலு. வெயில்லயும் அகச்சிவப்பு இருக்கு. கேமராவுக்குக் கண்ணு கூசிடும்."

"வூட்ல கறுப்புப் போர்வை இருக்குதா?" என்று கேட்டாள் அபிதா.

கால் மணி நேரம் கழித்து, பிற்பகல் மூன்று மணி வெயிலில், கொசப்பாளையம் பக்கத்துத் தெரு ஒன்றில் ஒரு கறுப்புப் போர்வை நான்கு கால்களோடு நடந்து போனது. உள்ளே குனிந்தபடி சௌம்யாவும் அபிதாவும். வெளியே, போர்வையின் நுனியைப் பிடித்துக்கொண்டு, யானைக்கு முன்னால் போகிற பாகனைப் போல அன்பரசு.

"நீங்க படிக்கற புக்குல துப்பறியறவருக்கு நீளக் கோட்டு குடுத்து, பனியில நடக்க உடறாங்க" என்று அவன் போர்வையைப் பார்த்துச் சொன்னான். "நமக்குப் போர்வை குடுத்து அக்னி நட்சத்திரத்துல உடறாங்க. எந்த மொழியில மொழிபெயர்த்தாலும் இது ஓடாதுக்கா."

"வாய மூடிகினு முன்னாடி பாரு. மாடு இருக்கா?"

"மாடு இல்ல. ஆட்டோ வருது. ஓரமா வாங்க, ஓரமா வாங்க!"

ஆட்டோ நின்றது. "இன்னா நைனா, உள்ள யாரு?" என்றார் ஓட்டுநர்.

"கொசுக் கணக்கெடுப்பு" என்றான் அன்பரசு.

"போர்வைக்குள்ளயா?"

"வெளிய இருந்தா கொசு கூச்சப்படும்."

"எங்க தெருவுக்கும் வாங்க சார். மனு குடுத்து ஆறு மாசம் ஆச்சு" என்று சொல்லிவிட்டு ஆட்டோ நகர்ந்தது.

போர்வைக்குள் வியர்வை வழிய வழிய அபிதா திரையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். இரண்டு எட்டுக்கு ஒரு துளி. ஒரே சீர். ஓடியவன் சிந்தினால் துளி நீண்டு வால் முளைத்திருக்கும். இவை பொட்டு வைத்தாற்போல உருண்டையாக இருந்தன. திருடிய பொருளைத் திருடன் மெதுவாக, மிக மெதுவாகச் சுமந்து போயிருக்கிறான்.

வேப்பமரம் வந்ததும் துளிகள் திடீரென்று பாதையை விட்டு விலகின. மரத்தைச் சுற்றி ஒரு அரைவட்டம் போட்டு, மறுபடியும் பழைய நேர்க்கோட்டில் சேர்ந்துகொண்டன.

"அன்பு! இந்த எடத்துல இன்னா இருக்கு?"

"ஒண்ணுமில்லக்கா."

"நல்லா பாரு. குழி? சாக்கடை? நாய்?"

"எதுவும் இல்ல. எறும்புதான் போவுது. ரோட்டக் குறுக்க ஒரு லைனு. நாளைக்கு வேலூர்ல வேல இல்லாத ஜென்மங்க, நிதானமா போவுதுங்க."

போர்வைக்குள்ளிருந்து அபிதாவின் தலை மட்டும் வெளியே வந்தது. முகம் வேர்த்துச் சிவந்திருந்தது. ஆனால் சிரித்தது.

"அன்பு, எறும்புக்கு வழி விட்டுச் சுத்திப் போற திருடன எங்கயாச்சும் பாத்திருக்கியா?"

"எறும்பு கடிக்கும்னு பயந்தவனா இருக்கும்."

"சரி" என்றாள் அபிதா. "யாருன்னு தெரிஞ்சிடுச்சு. எங்கன்னு தெரியல. ஜல்தி நட."

துளிகள் இரண்டு தெருக்களைத் தாண்டி ஒரு தகரக் கதவுக்குள் நுழைந்தன. கதவின் மேல் 'டேவிட்ராஜ் சாயப்பட்டறை' என்று எழுதியிருந்தது. சௌம்யா போர்வையை உதறிவிட்டு உள்ளே ஓடினாள்.

உள்ளே கூரை தாழ்வு. பாதி இருட்டு. சோப்பும் சோடாவும் கொதிக்கிற நெடி. ஒரு பக்கம் அடுப்பின் மேல் பெரிய கொப்பரை ஆவி விட்டது. பட்டு நூலின் பசையைப் போக்குகிற சோப்புத் தண்ணீர். இன்னொரு பக்கம் வரிசையாக நான்கு சிமெண்ட் தொட்டிகள். மூங்கில் கழிகளில் நூல் கட்டுகள் தொங்கின.

துளிகள் இரண்டாம் நம்பர் தொட்டியின் விளிம்பில் முடிந்தன. தொட்டி காலி. அடியில் ஈரம் மட்டும் இருந்தது.

"அண்ணா! எங்க என் பாட்டிலு?"

டேவிட்ராஜ் கையில் டீ கிளாஸோடு திரும்பினார். ஐம்பதைத் தொட்ட, தொந்தியுள்ள மனிதர். விரல் நகங்களில் ஏழு வண்ணச் சாயம். "இன்னாம்மா பாட்டிலு?"

"தெருவெல்லாம் சிந்திகினு வந்து உங்க தொட்டியில முடியுது! ஒரு போட்டோவுக்காக இப்படியாண்ணா செய்வீங்க?"

"ஏம்மா, அது என் தொட்டித் தண்ணில பண்ணதுதானே? தெனம் நானூறு லிட்டர வாய்க்கால்ல உடறேன். வாய்க்கால்ல உடறவன் உன் வூட்டுக்கு வந்து அரை லிட்டரத் திருடுவானா? எனக்கு இன்னா புத்தி பேஜாரா?"

"நியாயமான கேள்வி" என்றாள் அபிதா. அவள் தொட்டியருகே குனிந்து, கேமராவைச் சுவரிலும் விளிம்பிலும் காட்டிக்கொண்டிருந்தாள். "இவரு எடுக்கல சௌம்யா. இந்தச் சுவரப் பாரு. ஒரு துளிகூடத் தெறிக்கல. நம்ம ஊர்ல யாராச்சும் ஒரு தண்ணிய இப்படிக் கொட்டுவாங்களா? வாளியத் தூக்கி விசிறி அடிப்பாங்க. இதக் கொட்டினவங்க கைய நீர்மட்டம் வரைக்கும் இறக்கி, தூங்கற குழந்தையத் தொட்டில்ல போடற மாதிரி உட்டிருக்காங்க."

அவள் நிமிர்ந்தாள். கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினாள். அன்பரசு உடனே நேராக நின்றான். கண்ணாடி இறங்கினால் கேஸ் முடியும் என்று அவனுக்குத் தெரியும்.

"பாட்டில்ல இருக்கறதுக்கு மூச்சு முட்டக் கூடாதுன்னு மூடிய எடுத்துட்டாங்க. தூசி விழக் கூடாதுன்னு குழாயில கட்டியிருந்த வெள்ளைத் துணியால வாயக் கட்டினாங்க. துணி நனைஞ்சி சொட்டிச்சு. வழியில எறும்ப மிதிக்காமச் சுத்திப் போனாங்க. பாட்டில் மேல எழுதியிருந்த எடத்துலயே கொண்டாந்து, அடிபடாம இறக்கி உட்டாங்க. இது திருட்டு இல்ல. இது ஜாமீன்ல எடுத்தது."

போனை எடுத்து, ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"அம்மா, நான் அபிதா. காலைல நீங்க வெளிய போனீங்களா?"

"போனேம்மா" என்றது கனகவதியின் குரல், ஒரு நொடி தாமதம்கூட இல்லாமல்.

"சௌம்யாவோட பாட்டில எடுத்துகினா?"

"ஆமாம்."

சௌம்யா தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா! காலையிலேர்ந்து ஏன் சொல்லல?"

"எல்லாரும் 'யாராச்சும் உள்ள வந்தாங்களா'ன்னுதானே கேட்டீங்க? யாரும் வரல. நான் வெளிய போனேன். அத யாரும் கேக்கல."

"நான் அழுதுகினு இருந்தேனேம்மா!"

"சொன்னா நீ ஓடிப் போய் அதுங்கள மறுபடியும் பிடிச்சிகினு வந்துடுவ. நாலு மணி நேரமாவது அதுங்க நிம்மதியா இருக்கட்டும்னு பாத்தேன்." குரல் கொஞ்சம் இறங்கியது. "நேத்து சாயந்தரம் சாப்பிடறப்போ நீதானே சொன்ன? கோடிக்கணக்குல இருக்கு, கண்ணுக்குத் தெரியாது, தண்ணியிலதான் இருக்கும், உறைய வச்சாலும் போச்சு, காய்ஞ்சாலும் போச்சுன்னு. எனக்குத் தூக்கமே வரல. கோடி உசுரு சௌமி. அதுங்களக் கொண்டு போய் மூத்திரத்துல போடப் போறேன்னு சொன்னியே. அஞ்சு பேர் பாக்க!"

போனில் கீரைத் தட்டைத் தள்ளி வைக்கிற சத்தம் கேட்டது.

"தண்ணிய வடிகட்டினா, துணியில தங்கின உசுர எங்கிருந்து எடுத்தோமோ அங்கேயே உடணும். எங்கம்மா எனக்குச் சொன்னது, நான் உனக்குச் சொன்னது. நீ எடம்கூட எழுதி வச்சிருந்த. பட்டறையில எல்லாரும் டீக்குப் போயிருந்தாங்க, கொண்டு போய் உட்டேன். பாட்டில நல்லாக் கழுவி, மேல ஒட்டியிருந்த காகிதத்தக் கிழிச்சிட்டு, சமையக்கட்டுல கவுத்து வச்சிருக்கேன்."

"கண்ணாடி பாட்டிலா?" என்றான் அன்பரசு மெல்ல. "அடுப்புக்குப் பக்கத்துலயா?"

"ஆமாம்ப்பா."

அவன் முகம் வெளுத்தது. "அக்கா, நான் அதுலதான் தண்ணி குடிச்சேன்."

"தடயத்தயே குடிச்சிட்டியா?" என்றாள் அபிதா.

"தாகத்துக்குத் தடயம்னு தெரியுமாக்கா?"

சௌம்யா எதையும் கேட்கவில்லை. அவள் காலித் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணா, இந்தத் தண்ணி?"

டேவிட்ராஜ் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "பன்னெண்டு மணிக்குத் தொறந்து உட்டுட்டேம்மா. தெரியாதேம்மா எனக்கு." கோபமெல்லாம் போய் அவர் குரல் கம்மியது. "வாய்க்காலு இந்நேரம் ஆத்துக்கே போயிருக்கும்."

சௌம்யா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. அழுகையைவிட அது மோசமாக இருந்தது. மூன்று வருடம். அப்பா. நாளைக் காலை பத்து மணி. எல்லாம் கமண்டல நாக நதி மணலில்.

கேமராவை இப்போது அன்பரசு பிடித்திருந்தான். மறு கையால் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்ததில் அது இங்கும் அங்கும் திரும்பியது. கொடுத்துவிடலாம் என்று நீட்டியவன் திரையைப் பார்த்து நின்றுவிட்டான்.

"அக்கா. இது ரிப்பேரா?"

அபிதா எட்டிப் பார்த்தாள். திரையில் பட்டறை முழுதும் கறுப்பு. நடுவில் ஒரே ஒரு இடத்தில் வெள்ளை. மூங்கில் கழியில் தொங்கிய ஒரு நூல் கட்டு, இழை இழையாக, திட்டில்லாமல், இத்தனை வருடமாக அவள் பக்கங்களில் மட்டுமே பார்த்திருந்த பனி முதல் தடவையாக ஆரணியில் பெய்துவிட்டதைப் போல ஒளிர்ந்தது. ஒரு வினாடி அவள் கேஸையே மறந்துவிட்டாள்.

வெள்ளை அசைந்தது. கழியோடு மேலே எழுந்தது. கொப்பரையை நோக்கி நகர்ந்தது.

அபிதா திரையிலிருந்து தலையைத் தூக்கினாள். பட்டறையில் வேலை செய்கிற கன்னியம்மா, அந்தக் கழியைத் தோளில் வைத்துக்கொண்டு, கொதிக்கிற சோப்புத் தண்ணீரின் மேல் நூலை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"நிறுத்துங்க!"

அடுப்புச் சத்தத்தில் கன்னியம்மாவுக்குக் கேட்கவில்லை. அன்பரசு பாய்ந்தான். தரையெல்லாம் சோப்பு. அவன் ஓடவில்லை, வழுக்கினான். நான்கு தொட்டிகளையும் வழுக்கியே கடந்து, உட்கார்ந்த நிலையில் போய்ச் சேர்ந்து, கழியின் மறுமுனையைப் பிடித்துத் தொங்கினான். நூல் கட்டு கொப்பரைக்கு ஒரு சாண் மேலே ஊசலாடியது.

"எவன்டா இவன், என் கழியப் பிடிச்சித் தொங்கறவன்!" என்று கத்தினாள் கன்னியம்மா.

"கொசுக் கணக்கெடுப்பு" என்றான் அன்பரசு தரையிலிருந்து.

சௌம்யா ஓடி வந்து நூலைக் கையில் ஏந்தினாள். "இது எந்தத் தொட்டியில இருந்துச்சு?"

"ரெண்டுலதான்" என்றார் டேவிட்ராஜ். "கச்சா நூலு. ஒரே ஒரு சாம்பிள் கட்டு. காலைலேர்ந்து ஊறிகினு கெடந்துச்சு. பன்னெண்டு மணிக்கு எடுத்து வடிய உட்டோம். இப்போ சோப்புல போட்டா பசையெல்லாம் போயிடும்."

"பசை போனா துகளும் போயிருக்கும்" என்றாள் சௌம்யா. நூலைக் கேமராவுக்கு நேரே பிடித்து, ஒவ்வொரு இழையாகப் பிரித்தாள். "பட்டுப் பசை பட்டுப் பசையில ஒட்டிக்கிச்சு. ஆனா கட்டி தட்டவே இல்லையே! எப்படி? லேப்ல ஒரு தடவகூட இப்படி வரலியே."

"லேப்ல எப்படி ஊத்தின?" என்று கேட்டாள் அபிதா.

"வேகமா ஊத்தி, கலக்கி..." சௌம்யா நிறுத்தினாள். அபிதா இன்னும் அணைக்காத போனைப் பார்த்தாள்.

"வேகமா ஊத்தினா அதுங்களுக்கு அடிபடாதா?" என்றது போன்.

சௌம்யாவின் கைப்பையில் நாளைய சோதனைக்காக வைத்திருந்த புரதக் குப்பி இருந்தது. இனித் தேவை ஒன்றே ஒன்று. மூன்று பேரும் அன்பரசைப் பார்த்தார்கள்.

"நானா?"

"தடயத்தக் குடிச்சவன் நீதானே" என்றாள் அபிதா.

டேவிட்ராஜ் தன் டீ கிளாஸைக் கழுவிக் கொடுத்தார். "இனிமே இது எனக்கு வேணாம்ப்பா. நீயே வச்சிக்கோ." அன்பரசு பட்டறையின் பின்புறம் போய் வந்தான். கொண்டுவந்ததை இரண்டு கிளாஸ்களில் பிரித்தார்கள். ஒன்றில் சௌம்யா புரதத்தில் ஒரு சொட்டு விட்டாள். இரண்டிலும் ஓர் அங்குல நூல் போட்டாள்.

"ரெண்டு நிமிஷம்" என்றாள்.

"அணைஞ்சா கிட்னி அவுட்டுன்னு சொன்னீங்கல்ல?"

"ஆமாம்."

"நான் ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி குடிக்கறேன்னு யாராச்சும் எழுதி வச்சிருக்கீங்களா? அக்கா, எனக்கு லீவே தராம வேல வாங்கின பாவம் உங்களுக்குத்தான்."

திரையில் இரண்டு வெள்ளைக் கோடுகள். ஒன்று மங்கியது. மெல்ல, திரியை யாரோ இறக்குவது போல, சாம்பலாகி, கறுத்து, அணைந்தது.

"அது யாருது? அது என்னுதா?" அன்பரசு எழுந்துவிட்டான்.

"அது புரதம் போட்டது."

மற்றது எரிந்துகொண்டே இருந்தது. இரண்டு நிமிடம். மூன்று. ஐந்து.

"வேல செய்யுது" என்று சௌம்யா சொன்னாள். தனக்கே சொன்னாள். "ஐஸ் பெட்டி வேணாம். பாட்டில் வேணாம். ஒரு நூல் துண்டு போதும். எந்த ஊர்லயும் செய்யலாம்." அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வேறு மாதிரி அழுகை.

"ஆரணியிலயே சோதனை பண்ணி சர்ட்டிபிகேட் வாங்கின கிட்னி" என்று அன்பரசு கன்னியம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "பொண்ணு பாக்கறப்போ ஜாதகத்தோட இதையும் வைக்கலாம்."

தகரக் கதவு திறந்தது. கையில் ஒரு சொம்போடு கனகவதி நின்றாள். தரையைப் பார்த்துப் பார்த்து, கால் வைத்து வந்தாள்.

"சௌமி, கோவமா?"

"அம்மா, அதுக்கு உசுரே இல்லம்மா. கல்லு மாதிரி. கல்லப் பொடிச்சிப் பொடிச்சி, கோடித் துண்டு ஆக்கின மாதிரி."

கனகவதி நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள். பிறகு மகள் கையிலிருந்த பட்டு நூலைப் பார்த்தாள். அந்தப் பட்டு ஊரில் பிறந்து, வாழ்ந்து, ஒரு நாளும் பட்டு உடுத்தாதவள் அவள். "இதுக்கு இருந்துச்சே" என்றாள்.

டேவிட்ராஜ் நகச் சாயத்தைச் சுரண்டினார்.

"ஒருத்தருக்கு எவ்ளோ நூல் வேணும்?" என்று கனகவதியே கேட்டாள்.

"ஒரு அங்குலம். அதுக்கும் கீழ."

"அதுக்குக் கழிச்சிப் போடற அறுந்த நூலு போதாதா? புதுசா எதையும் கொதிக்க வைக்க வேணாமே."

"அறுந்த நூலு என்கிட்ட மூட்டை மூட்டையா இருக்குதும்மா!" என்றார் டேவிட்ராஜ் அவசரமாக. "எவ்ளோ வேணும்னாலும் எடுத்துக்கட்டும். போட்டோகூட வேணாம்."

கனகவதி தலையசைத்தாள். பிறகு சொம்பை அன்பரசிடம் நீட்டினாள். "தண்ணி. வடிகட்டிக் காய்ச்சினது. முழுசாக் குடி. எல்லாரும் வீட்டுக்கு வாங்க, பொழுது சாயறதுக்குள்ள சாப்பிடணும்."

மறுநாள் காலை பதினொன்றரைக்கு, ஜெராக்ஸ் கடை மாடியில், அபிதா நாவலில் இருபது பக்கம் பனியைக் கடந்திருந்தபோது போன் வந்தது.

"குடுத்துட்டாங்க" என்றாள் சௌம்யா. பின்னால் பேருந்து நிலையத்து இரைச்சல். "ரெண்டு வருஷம். ஆனா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. செய்முறையில நாலாவது படி மட்டும் புரியலியாம். அஞ்சு பேரும் திரும்பத் திரும்பப் படிச்சாங்க."

"இன்னா எழுதியிருந்த?"

"அம்மா செஞ்சத அப்படியே எழுதினேன். எதனால சரியா வந்துச்சுன்னு இன்னும் தெரியலியே, எதை உடறது? 'மூடியை எடுத்துவிட்டு வெள்ளைத் துணியால் வாயைக் கட்டவும். இரண்டு தெரு தூரம் மெதுவாக நடக்கவும். நீர்மட்டம் வரை கையை இறக்கி, அடிபடாமல் விடவும்.'"

"இதுல இன்னா புரியல?"

"அடுத்த வரிதான். 'வழியில் எறும்பு வந்தால் சுற்றிப் போகவும்.' அது அவசியமான்னு கேட்டாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"அது இல்லாம இதுவரைக்கும் யாரும் செஞ்சி பாக்கலன்னு சொன்னேன்."